தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு

ஏலே, எல்லாரும் வந்தாச்சா? உக்காருங்க. மொதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். உங்கள்ல ஒருத்தனுக்கும் சொந்தமா கம்ப்யூட்டர் கெடையாது. ஆனா கிராஃபிக்ஸ் கார்டு பத்தி வாயத் தொறந்தா கல்யாண புரோக்கர் கெட்டான், அது பொறந்த ஃபேக்டரிலேந்து அதுக்கு எத்தன வாட்டு பசிக்கும்ங்குற வரைக்கும் சொல்லுவீங்க. ஒருத்தன் லேப்டாப்ல ஆடுறது ஸ்கூட்டில ரேஸ் போற மாதிரிம்பான். இன்னொருத்தன் டெஸ்க்டாப்ப இடுப்புல தூக்கிட்டா பஸ் ஏறுவன்னு கேப்பான். க்ரூப்ல முந்நூறு மெசேஜ் போட்டீங்க. அதுல ஒருத்தனாச்சும் யாரு ஆடப்போறா, எங்க உக்காந்து ஆடப்போறான்னு கேட்டீங்களால? கேக்கல. இசக்கிராஜாவும் கேக்கல. அவன் கதையத்தான் இப்ப சொல்லுதேன். ஒரு செவ்வாக்கெழம, மத்தியானம் பன்னெண்டே காலுக்கு ஆரம்பிச்சு ஒண்ணரைக்கு முடியுது. சண்டை கெடையாது, பொம்பளப்பிள்ளை கெடையாது. கம்ப்யூட்டர் கடைல ஒரு பச்சைக்கோடு நவுருது, அத ஒருத்தன் பாத்துட்டு உக்காந்துருக்கான். போரடிச்சா எந்திரிச்சுப் போங்க, போகையில என் செருப்ப மட்டும் மாட்டிட்டுப் போயிராதீங்க.

கடை தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மாடில. லிங்கத்துரை அண்ணாச்சி கடை. மேசை மேல எடதுபக்கம் இசக்கியோட கூட்டாளி டென்சிலோட டெஸ்க்டாப், பக்கவாட்டுத் தகடு கழட்டுனபடி, ஆபரேசன்ல வயித்தத் தொறந்து போட்ட மாதிரி. வலதுபக்கம் புது லேப்டாப், இன்னும் மூடியில ஒட்டுன பிளாஸ்டிக்கு உரிக்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வயரு. பழசக் குடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டு புதுச எடுக்குறதுன்னு பேச்சு. டெஸ்க்டாப்ல இருக்குற கேம் அப்பிடியே லேப்டாப்புக்கு ஏறுது, பனிமலைல ஒருத்தன் தனியா நடந்து நடந்து வேட்டையாடுற கேம், நூத்திப்பத்து ஜிபி. பச்சைக்கோடு பன்னெண்டு சதவீதத்துல நிக்குது. இன்னும் நாப்பது நிமிசம்னு காட்டுது. டென்சிலுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுற டயாலிசிஸ் சென்டர்ல நெட்டு கெடையாது, அங்க போயி டவுன்லோட் போட்டா அடுத்த கிறிஸ்மசுக்குத்தான் வந்து சேரும், அதனால இங்கயே ஏத்திட்டுப் போயிரணும். சென்டர்ல ரெண்டு மணிக்கு டென்சிலோட ஷிப்ட். ஒண்ணரைக்கு அவன் வீட்டு வாசல்ல ஆட்டோ நிக்கும். டென்சில் நேத்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு கையில இருந்தா வாரேன், இல்லன்னா வரல." சனிக்கெழம அவன் போகல. போன வியாழக்கெழம ரத்தம் சுத்தம் பண்ணுனது, இன்னைக்கு செவ்வா. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வா. இசக்கி வெரல விட்டு எண்ணுனான். எண்ணி முடிச்சும் மறுபடி மொதல்லேந்து எண்ணுனான், நடுவுல ஒரு நாள் கொறஞ்சாலும் கொறையும்னு நெனச்சானோ என்னவோ.

பதினாலு சதவீதம். இப்ப நாப்பத்தாறு நிமிசம்னு காட்டுது, இந்தக் கோட்டுக்கு வாக்குச் சுத்தமே கெடையாது, ஏறயில நேரம் கொறையணும், இது கூட்டுது, சரி அத விடு, லேப்டாப்பப் பாரு. நல்ல லேப்டாப்தான். ரெண்டரைக் கிலோ, கூட சார்ஜர் ஒண்ணு, அது செங்கல், அதத் தூக்கி நாயி மேல எறிஞ்சா நாயி செத்துரும். படுத்துக்கெடக்கவன் நெஞ்சுல வைக்க முடியாது, தொடைல வச்சா வெந்துரும், கட்டிலுக்குக் குறுக்க போடுற சாப்பாட்டு மேசைல வைக்கணும். அந்த மேச ஆடும். ஃபேன் சத்தம் வேற, கேம் தொடங்குனா ஹெலிகாப்டர் எறங்குற மாதிரி, பக்கத்துக் கட்டில்ல படுத்துருக்க தாத்தா திட்டுவாரு. பேட்டரில ஓட்டுனா பாதி வேகம், அதுவும் ஒரு மணி நேரம், அவனுக்கு நாலு மணி நேரம் வேணும், அப்ப பிளக்கு வேணும், பிளக்கு எல்லாம் அந்த டயாலிசிஸ் மிஷினுக்குத்தான் இருக்கு, மிஷினப் புடுங்கிட்டு இதச் சொருக முடியாது, முடியாதுல்லா. எக்ஸ்டென்சன் பாக்ஸ் எடுத்துட்டுப் போகணும். அஞ்சு மீட்டர். வாங்கணும். போற வழில வாங்கிரலாம். டெஸ்க்டாப்னா அதே வெலைக்கு இதவிட ரெண்டு மடங்கு ஓடும், சூடு கெடையாது, கெட்டா பார்ட்ட மாத்திக்கலாம், லேப்டாப்ல ஒண்ணு போனா ஒட்டுமொத்தமும் போச்சி. லேப்டாப்ல இருக்க கார்டும் டெஸ்க்டாப்ல இருக்க கார்டும் பேரு ஒண்ணுதான், ஆளு வேற, ஒருத்தன் ஊர்ல மல்யுத்தம் பண்ணுறவன், இன்னொருத்தன் அதே பேர வச்சிட்டு பேங்குல உக்காந்துருக்கவன். ஜனவரில டென்சில் கம்ப்யூட்டர் வாங்கப் போனப்ப இதத்தான் இசக்கி சொன்னான். இதே மல்யுத்தம், இதே பேங்கு. டென்சில் சிரிச்சான். சிரிச்சிட்டு, ஆனா மக்கா, நா ஹார்பர் ஷிப்ட்டுக்குப் போறவன்லா, அங்க கப்பலு லேட்டானா சும்மா உக்காந்துருக்கணும், தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு இருந்தா...

எக்ஸ்டென்சன் பாக்ஸ். அஞ்சு மீட்டர் பத்துமா? கட்டிலு சன்னல் ஓரத்துல, பிளக்கு செவுத்துல. அஞ்சு பத்தும்.

"தம்பி, டீ சொல்லவா?" லிங்கத்துரை அண்ணாச்சி கேட்டாரு. அவரு கையில ஒரு பெயிண்ட் பிரஷ்ஷு, டெஸ்க்டாப்புக்குள்ள இருக்க தூசியத் தட்டிட்டு இருந்தாரு. எக்ஸ்சேஞ்சுக்கு வர்ற எந்த மிஷினையும் அவரு கையால தூசி தட்டித்தான் எடுப்பாரு. தூசியப் பாத்தாலே வீடு தெரிஞ்சிரும்பாரு, புகை பிடிக்கவன் வீட்டுத் தூசி பழுப்பா ஒட்டும், உப்பளத்துப் பக்கத்து வீட்டுத் தூசி கரகரன்னு இருக்கும். "இது என்ன தம்பி, உள்ளுக்குள்ள முறுக்குத் தூளு கெடக்கு. எறும்பு குடும்பம் நடத்திட்டுப் போயிருக்கு."

"அது டென்சில் மம்மி சுடுற முறுக்கு அண்ணாச்சி. எறும்புக்குக் கூட நல்லதுதான் கெடைச்சிருக்கு."

"டென்சில்தான் ஓனரா? நீ யாரு?"

"கூட்டாளி."

"ஆடுறது ரெண்டு பேருமா?"

"அவந்தான் அண்ணாச்சி. நா சும்மா."

சும்மான்னு சொன்னதும் நாக்குல ஏதோ ஒட்டுன மாதிரி இருந்துச்சு. டீ வேண்டாம்னான். டென்சிலுக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி, அதுலயே கஞ்சியும் அடக்கம், அத நெனச்சா இவனுக்கு டீயே எறங்கல, இந்த ரெண்டு மாசமா கண்ணுல படுற தண்ணியெல்லாம் அளவாத் தெரியுது, பஸ்ல ஒருத்தன் பாட்டிலத் தொறந்து மடக்கு மடக்குன்னு குடிச்சா டென்சிலோட ஒரு நாளுத் தண்ணி போச்சுன்னு மனசு கணக்குப் போடுது. இளநீ கூடாது. வாழப்பழம் கூடாது. முறுக்கு, உப்பு, கூடாது. டென்சில் மம்மி இப்ப முறுக்கு சுடுறதில்ல. அந்தச் சட்டி கவுந்து கெடக்கு. காலேல போன்ல சொன்னாங்க, "உக்காந்துட்டே ஒறங்குதான் ஐயா, படுத்தா மூச்சு முட்டுதுங்கான், காலு ரெண்டும் பூசுன மாதிரி இருக்கு, அமுக்குனா குழி விழுது, குழி மேல வரவே மாட்டேங்கு." அவங்க அழல. அழுதாலும் பரவால்ல, அவங்க அமுக்குன குழியப் பத்தி அப்பிடி விவரமாச் சொன்னது, மாவு பெசையுற பக்குவம் சொல்லுற மாதிரி. இசக்கி இங்கேந்து தன் முழங்காலுக்குக் கீழ அமுக்கிப் பாத்தான். குழி ஒடனே மேல வந்துட்டு. அதப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு.

முப்பத்தொண்ணு சதவீதம். காலேஜப் பாதில விட்டு வந்தவன் இசக்கி, ரெண்டாம் வருசத்துல, அரியரு அவன் வயசத் தாண்டிட்டு. வீட்டுல அப்பா கிட்ட கம்ப்யூட்டர் கோர்ஸ் சேந்துருக்கேன்னு சொல்லிருந்தான். பத்து மணிக்குக் கெளம்புவான், தலை சீவி, பை தோள்ல, அப்பாவும் நல்லாப் படிலேன்னு சொல்லுவாரு. நேரா டென்சில் வீடு. டென்சில் ஒன்பது மணிக்கே ஹார்பருக்குப் போயிருப்பான், அங்க ஒரு ஷிப்பிங் ஏஜெண்டு கிட்ட மூட்டை எண்ணுற வேல. மம்மி கதவத் தொறப்பாங்க. ஃபேன் போடு ஐயாம்பாங்க. அந்த ரூம்பு, பச்சப் பெயிண்டு, சன்னல்ல துணித்தெர, மூலைல மாதாபடம், படத்துக்குக் கீழ இந்த டெஸ்க்டாப் பெட்டி, உள்ள நீலமா வெளக்கு எரியும். மாதா முகத்துல நீலம் அடிக்கும். பவர் பட்டன அமுக்குனா ஃபேனு சுத்துற சத்தம், உர்ருன்னு. கைய மேல வச்சா உள்ளங்கைல நடுங்கும். அந்த நடுக்கம் அவனுக்குப் பிடிக்கும். ஜூன் மாசம், ஆபரேசன் முடிஞ்சி வந்தப்ப, டென்சில் தன் எடதுகை மணிக்கட்ட நீட்டி, தொட்டுப் பாருலன்னான். ரத்தக்குழாயையும் ரத்தக்குழாயையும் சேத்துத் தச்சிருக்காங்க, ஊசி போடத் தோதா. இசக்கி தொட்டான். உர்ருன்னு. உள்ள ஒரு சின்ன ஃபேன் ஓடுற மாதிரி. அவன் கைய வெடுக்குன்னு எடுத்துட்டான். எடுத்துட்டு, "ஏலே, உனக்குள்ள கூலிங் போட்டுட்டாங்க"ன்னான். டென்சில் சிரிச்சான். எல்லாத்துக்கும் சிரிப்பான் அவன், அதாம் பிரச்சின, அவன் சிரிச்சதும் நம்ம சொன்னது சரின்னு ஆயிரும். வரவர அந்தச் சிரிப்பும் வரல. போன வாரம் இசக்கி நாலு ஜோக் சொன்னான், நாலுக்கும் அவன் சீலிங்கயே பாத்துட்டு இருந்தான். அந்த சென்டர் சீலிங்குல எத்தன ஓட்டைன்னு கேளு, சொல்லுதேன்னான். இருநூத்தி நாப்பது. நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு தடவ, எவ்வளவு காலத்துக்குல, அதையே எண்ணவான்னான். எவ்வளவு காலத்துக்குன்னு அவன் கேட்டது இசக்கிட்ட இல்ல. ஆனா இசக்கிதான் பக்கத்துல உக்காந்துருந்தான்.

நாப்பத்தெட்டுல நின்னுட்டு. கோடு அசையல. அசையாம நிக்குற கோட்டப் பாத்தா நெஞ்சு அசையுது. வயரு லூசா? தொட்டா அறுந்துருமோன்னு தொடல. அண்ணாச்சின்னான். வரும் தம்பி, பெரிய ஃபைலு, முழுங்குதுன்னாரு. முழுங்குது. ஒரு நாளு போகலன்னா என்ன ஆவும்னு அவன் நெட்டுல தேடுனான், ரெண்டு வரி படிச்சிட்டு மூடுனான், தண்ணி நெஞ்சுல ஏறும்னு ஒரு வரி, அடுத்த வரிய அவன் படிக்கல, படிக்காத வரிதான் இப்பக் கண்ணு முன்னால நிக்குது. படிச்ச வரி கூட மறந்துரும். ஜனவரிலேயே லேப்டாப் வாங்கிருந்தா டென்சில் மொத நாளுலேந்து தூக்கிட்டுப் போயிருப்பான். சீலிங்க எண்ணிருக்க மாட்டான். சனிக்கெழமையும் போயிருப்பான். இல்ல, போயிருக்க மாட்டானோ? லேப்டாப்புக்கும் கிட்னிக்கும் என்னல சம்மந்தம்? டெஸ்க்டாப் வாங்குனதாலயா கிட்னி போச்சி? இல்லல்லா. டாக்டரே சொன்னாரு, ரொம்ப நாளா இருந்துருக்கு, தெரியலன்னு. அப்ப என்ன. ஸ்பெக்குப்படி டெஸ்க்டாப்தான் நல்லது. யாரக் கேட்டாலும் அதான் சொல்லுவான். க்ரூப்ல பதினோரு பேருல ஏழு பேரு டெஸ்க்டாப்புக்குத்தான் ஓட்டு. அதுல ஓட்டுப்போட வச்சது யாருன்னு... பாரு, நவுந்துட்டு. அம்பத்தொண்ணு.

"தம்பி இங்க பாரு." அண்ணாச்சி டெஸ்க்டாப் மானிட்டரத் திருப்புனாரு. கேம் சரியா ஏறுதான்னு பாக்க, அவரு இங்க அதத் தொறந்துருந்தாரு. மொத ஸ்கிரீனு, பனிமலை, கீழ ஆடுனவங்க பேரு ரெண்டு. டென்சில், இருபத்தாறு மணி நேரம். இசக்கி கிங், எழுநூத்துப் பன்னெண்டு மணி நேரம். "எதுக்குப் பாக்கேன்னா, கார்டு எவ்வளவு ஓடிருக்குன்னு தெரியணும்ல, அத வச்சித்தான் நா மறுபடி விக்கணும். ஓனரு இருபத்தாறுதான் ஆடிருக்காரு. இது யாரு கிங்கு?"

இசக்கிக்கு வாயில ஒரு ஜோக்கு ரெடியா வந்துச்சு, கிங்குக்கு யாரு மணிக்கணக்கு வச்சான்னு ஏதோ, அத முழுங்கிட்டான். "ஃபிரண்ட்ஸ் எல்லாரும் ஆடுவோம் அண்ணாச்சி"ன்னான். அண்ணாச்சி பிரஷ்ஷ ஒதறுனாரு. எழுநூத்துப் பன்னெண்டு. எட்டால வகுத்தா, எம்பத்தொம்பது நாளு. எம்பத்தொம்பது நாளு மம்மி கதவத் தொறந்தாங்க. எம்பத்தொம்பது நாளு முறுக்கு. டென்சில் சாயங்காலம் வேல முடிச்சி வருவான், உப்புத்தூசி சட்டையோட, காலு வீங்குன மாதிரி இருக்குல, நின்னு நின்னு இருக்கும்பான், கட்டில்ல உக்காந்து இவன் ஆடுறதப் பாப்பான். ஆடுதியாலன்னு இவன் கேப்பான், எந்திரிக்காமயே. நீ முடி மக்கா, எனக்குக் கண்ணு அசத்துதும்பான். காலு வீங்குன மாதிரி இருக்குன்னு. மார்ச்சுலயே சொன்னான். இவனுக்கு அப்ப முன்னால ஒரு கரடி நின்னுச்சு. கரடிய அடிச்சிட்டுத் திரும்புனா அவன் ஒறங்கிட்டான்.

"புதுசுல ஆடிப் பாக்கியா? கேம்ல ஆரம்பத்துப் பாகம் ஏறிட்டு, கொஞ்சம் நடக்கலாம்." அண்ணாச்சி லேப்டாப்ப அவன் பக்கம் தள்ளுனாரு. பிளாஸ்டிக்க உரிச்சாரு, டர்ருன்னு. ஃபேனு சுத்த ஆரம்பிச்சிச்சு. நெனச்ச அளவு சத்தம் இல்ல. இசக்கி வலதுகைல மவுசப் புடிச்சான், எடதுகைல கீபோர்டு. மவுசு பாக்குறதுக்கும் சுடுறதுக்கும். நடக்கணும்னா எடதுகை, முன்ன பின்ன, பக்கவாட்டு, குதிக்க, ஓட. வெரலுக்குக் கீழ கீபோர்டு லேசாச் சுட்டுச்சு, சூடு எடதுபக்கம்தான் வருது, நடக்குற வெரல்ல. பனில அந்த ஆளு நடந்தான். நரநரன்னு சத்தம். இசக்கி வெரல எடுத்தான். ஆளு நின்னுட்டான். சுத்திச் சுத்திப் பாக்க முடியுது, மரம் தெரியுது, ஆகாசம் தெரியுது, ஒரு அடி எடுத்து வைக்க முடியல. அவன் தன் எடதுகையப் பாத்தான். மணிக்கட்டு. சென்டர் டெக்னீசியன் அக்கா குரலு காதுல கேட்டுச்சு, ஒவ்வொரு தடவையும் கேக்குற குரலு, டென்சில், எடதுகைய அசைக்கக் கூடாது, ஊசி வெலகுச்சுன்னா ரத்தம் செவுத்துல அடிக்கும், நாலு மணி நேரம் அப்பிடியே வச்சுக்கோ. ரெண்டு ஊசி. பிளாஸ்திரி. கைக்குக் கீழ தலகாணி. இவன் எத்தன நாளு பக்கத்துல உக்காந்து அந்தக் கையப் பாத்துருக்கான். முந்நூறு மெசேஜு. எடை பாத்தாச்சு, சூடு பாத்தாச்சு, ஸ்கிரீன் பாத்தாச்சு, பேட்டரி, வாட்டு, ஹெர்ட்ஸு, பிளக்கு, எக்ஸ்டென்சன் பாக்ஸு அஞ்சு மீட்டரு. கைய ஒருத்தனும் பாக்கல. லேப்டாப்னாலும் டெஸ்க்டாப்னாலும் டென்சில் ஆடுனா ஆளு பனில நின்னுட்டே இருப்பான். அம்பத்தேழா எழுவதா, கோட்ட அவன் பாக்கல.

போனு அடிச்சிச்சு. டென்சில்.

"ஆச்சால?" மூச்சு ரெண்டா ஒடஞ்சி வந்துச்சு. "மம்மி ஆட்டோவ நிறுத்தி வச்சிருக்கா. நா வாசப்படில உக்காந்துருக்கேன். மணி ஒண்ணு இருவது."

"டென்சிலு." இசக்கி சன்னல் பக்கம் போனான். கீழ பஸ்ஸு ஒண்ணு ரிவர்ஸ் எடுத்துச்சு. "எடதுகைய அசைக்கக் கூடாதேல. எப்பிடில ஆடுவ?"

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

"உனக்குத் தெரியுமா?"

"என் கைதானல அது." இருமுனான். "தெரிஞ்சுதான் கேட்டேன். நீங்க என்னைக்குல ஒண்ணு முடிவு பண்ணிருக்கிய, அதுவா இதுவான்னு பேசிட்டே கெடப்பியன்னு நெனச்சேன். நீ கொண்டு வரலன்னா நானும் போகவேண்டாம். எம்மேல தப்பு இருக்காது. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். இசக்கி சன்னல் கம்பியப் புடிச்சான், துரு கைல ஒட்டுச்சு. திரும்பிப் பாத்தான். லேப்டாப்ல அந்த ஆளு பனில இன்னும் நின்னுட்டு இருந்தான், தோள்ல வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு.

"நா எடதுகை"ன்னான் இசக்கி. "நீ வலதுகை. மேச மேல வச்சிட்டு, நா அந்தப் பக்கம் ஸ்டூலு போட்டு உக்காந்து நடக்கேன். நீ பாரு, நீ சுடு. எங்க போகணும்னு நீ சொல்லு. நீ சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன்."

"நீ நடந்தா செவுத்துல போயி முட்டுவ."

"பனிமலைல எங்கல இருக்கு செவுரு?"

"நீ கண்டுபிடிச்சி முட்டுவ." தூரத்துல மம்மி குரலு, ஐயா மணி ஆவுதுல்லான்னு, அதட்டல, கெஞ்சல, சும்மா மணியச் சொன்னாங்க. இசக்கி காத போன்ல வச்சி அழுத்துனான், வலிக்குற அளவுக்கு. துணி ஒரசுற சத்தம். எந்திரிக்குற முக்கலு. செருப்பு. ஒரு செருப்பு, நின்னு, இன்னொரு செருப்பு. அப்பறம் ஆட்டோ ஸ்டார்ட் ஆகுற சத்தம், மொத தடவ ஆகல, ரெண்டாந்தடவயும் ஆகல, இசக்கி கண்ண மூடுனான், மூணாந்தடவ ஆச்சு.

"ஏறிட்டேன்"ன்னான் டென்சில். "இன்னைக்கு மட்டும். வியாழக்கெழமையப் பத்தி நா இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"வியாழக்கெழம வியாழக்கெழம பாக்கலாம்."

"இசக்கி."

"சொல்லு."

"ஜனவரில நா லேப்டாப்தான கேட்டேன். தூக்கிட்டுப் போற மாதிரி வேணும்னு ரெண்டு தடவ சொன்னேன். நீ விடல. மல்யுத்தம், பேங்குன்னு என்னலாமோ சொன்ன." ஆட்டோ ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு, அவன் குரலும் கூட எறங்கி ஏறுச்சு. "எதுக்குல அப்பிடிச் சொன்ன? எனக்கு அத நெனச்சாலே ஒறக்கம் வரமாட்டேங்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா?"

பின்னால அண்ணாச்சி, முடிஞ்சிட்டு தம்பின்னாரு. பச்சைக்கோடு எப்ப நூறைத் தொட்டுச்சுன்னு இசக்கி பாக்கல. சூடு, வாட்டு, கார்டு, கெட்டா பார்ட்ட மாத்திக்கலாம், எல்லாம் வரிசையா வாயில வந்து நின்னுச்சு, ஒவ்வொண்ணும் உண்மைதான், ஸ்பெக்குப்படி ஒண்ணும் பொய் இல்ல.

"லேப்டாப் வாங்குனா நீ ஹார்பருக்குத் தூக்கிட்டுப் போயிருவல்லா"ன்னான். "டெஸ்க்டாப்னா உன் வீட்டுலயே கெடக்கும். நீ இல்லாத நேரம் நா வந்து ஆடலாம். அதுக்குத்தாம்ல சொன்னேன். உனக்காகச் சொல்லல."